வீட்டில் கட்டிய விமானத்தின் முதல் பறப்பு: மனிதப் பிழைக்கு இடம் தராமல் தயாராவது எப்படி

விமானம் கட்டி முடிந்தது. ஆய்வாளர் வந்து பார்த்து, சோதனைப் பிரிவுத் தகுதிச் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இங்கிருந்து முதல் பறப்பு முடிந்து இன்ஜின் மூடியைக் கழற்றும் வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்வதே இந்த வழிகாட்டி. விதிகள் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதிகள். எடுத்துக்காட்டுக்கு 180 குதிரைத்திறன் லைகோமிங் இன்ஜின் பொருத்திய, ஆர்.வி-7 போன்ற இருவர் அமரும் உலோக விமானத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்களுடையது வேறு வகை என்றால் எண்கள் மாறும், வரிசை மாறாது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். அந்தச் சான்றிதழ், விமானம் நன்றாகப் பறக்கும் என்ற உத்தரவாதம் அல்ல. ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியில் பறந்து சோதித்துக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டுமே. ஆய்வாளர் ஒவ்வொரு நட்டையும் திருகிப் பார்ப்பதில்லை. அது உங்கள் வேலை.

1. முதலில் விமானியைத் தயார் செய்யுங்கள்

விமானம் கட்டுகிறவர்கள் நான்கைந்து வருடம் கொட்டகையிலேயே கிடப்பார்கள். பறப்பதற்கான காசும் நேரமும் ரிவெட்டுக்கே போய்விடும். விமானம் தயாராகிற நாளில் அவர்களுடைய கை துருப்பிடித்திருக்கும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளில் முன்னால் நிற்பவை இரண்டு: இன்ஜின் சக்தி போவது, பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பது. விமானத்தின் வாழ்நாளில் ஆரம்பப் பறப்புகளிலேயே விபத்து அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. இன்னொருவர் கட்டியதை வாங்குகிறவருடைய முதல் பறப்பும் இதே கணக்கில்தான் வரும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஏதாவது ஒரு வாடகை விமானத்தில் பறந்து பழைய கையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதன்பின் உங்களுடைய அதே மாதிரி விமானத்தில், அந்த மாதிரியில் அனுபவமுள்ள பயிற்றுநரோடு மாற்றுப் பயிற்சி எடுங்கள். முதல் பறப்புக்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் இது முடிய வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த பயிற்சி மூளையில் இருக்கும், கையில் இருக்காது.

பலர் செய்யும் தவறு, பரவலான சிறு விமானமான செஸ்னாவில் ஆயிரம் மணி நேரம் பறந்திருக்கிறேன் என்று பயிற்சியைத் தாண்டிவிடுவது. லேசான ஸ்டிக் (கட்டுப்பாட்டுக் கோல்), வேகமாக ஏறும் மூக்கு, குறைந்த எடை எல்லாம் சேர்ந்து செஸ்னாப் பழக்கத்தையே எதிரியாக்கிவிடும்.

நீங்களே ஓட்டத்தான் வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கட்டியவர் ஓட்டக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் புகை வந்தால் விமானத்தைக் காப்பாற்றப் பார்ப்பீர்களா, உங்களைக் காப்பாற்றிக்கொள்வீர்களா? கட்டியவருக்கு இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது கடினம். முதல் கட்டச் சோதனையில், அதாவது சான்றிதழுக்குப் பிந்தைய ஆரம்பச் சோதனைப் பறப்புகளில், பயணி ஏறக் கூடாது. ஆனால் 2014இல் வந்த கூடுதல் விமானித் திட்டத்தின்படி, அதன் நிபந்தனைகள் பொருந்தினால், தகுதியுள்ள இன்னொரு விமானியை உடன் ஏற்றலாம். வாய்ப்பிருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

2. கண்ணைக் கட்டிக்கொண்டு காக்பிட்டில் உட்காருங்கள்

தரையில், இன்ஜின் அணைந்த நிலையில், பட்டைகளை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு கைப்பிடியையும் தொடுங்கள்: எரிபொருள் மாற்றி (எந்த டாங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று மாற்றும் பிடி), மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் பிடி), எலெக்ட்ரிக் பம்ப், மாஸ்டர் சுவிட்ச், இக்னிஷன், காக்பிட் மூடியின் தாழ்ப்பாள். ஒவ்வொன்றையும் இரண்டு நொடிக்குள் தொட வேண்டும். உடம்பைத் திருப்பாமல் எட்டாத எதுவும் வடிவமைப்புத் தவறு. விமானம் பறக்கும் முன் அதை இடம் மாற்றுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பாடகர் ஜான் டென்வர் இறந்த விபத்தைப் பார்த்தால் போதும். 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் அவருடைய லாங்-ஈஸி விழுந்தது. அது அவர் புதிதாக வாங்கிய, வேறொருவர் கட்டிய விமானம். வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டிய எரிபொருள் மாற்றியைக் கட்டியவர் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். கைப்பிடியில் எழுத்து இல்லை, எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் அளவுக்கோடும் இல்லை. டாங்கை மாற்ற உடம்பைத் திருப்பியபோது வலது ரட்டர் பெடலை (மூக்கை இடவலம் திருப்பும் மிதி) தன்னறியாமல் மிதித்ததால் கட்டுப்பாடு போனது என்பது விசாரணையின் முடிவு. கிளம்பும் முன் எரிபொருள் நிரப்பாததும், அந்த மாதிரியில் போதிய பயிற்சி இல்லாததும் சேர்ந்தே சொல்லப்பட்டன. கட்டியவரின் வசதி, வாங்கியவரின் அவசரம், எழுதாத ஒரு குறி மூன்றும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றன. எதையாவது ஒன்றைத் திருத்தியிருந்தால் போதும்.

எனவே ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் எழுதுங்கள். 'எனக்குத் தெரியும்' என்பது இந்த இடத்தில் செல்லாது. இன்ஜின் நின்ற 5 நொடியில் உங்களுக்கும் தெரியாது.

3. வேறு கண்கள்

கட்டியவர் தன் விமானத்தைப் பார்க்கும்போது, இருப்பதைவிட இருக்க வேண்டியதையே பார்ப்பார். பின் போடாத நட்டில் பின் தெரியும். ஆகவே கடைசிச் சோதனையை வேறொருவர் செய்ய வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாகச் செய்தால் இன்னும் நல்லது. வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் சங்கமான ஈ.ஏ.ஏ.வின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். கூப்பிடுங்கள். அவர் பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாதீர்கள். காபி போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போங்கள்.

எல்லாப் பேனலையும் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டியவை:

கட்டுப்பாட்டுத் தண்டுகளின் முனை பேரிங்குகள், அவற்றின் பூட்டு நட்டுகள், காட்டர் பின்கள், எரிபொருள் மற்றும் ஆயில் குழாய்களின் இணைப்புகள், எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் உரசும் வயர்கள், புரொப்பெல்லர் போல்ட்டுகளின் பாதுகாப்புக் கம்பி. இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் நிறக்கோடு இழுப்பது நல்ல பழக்கம். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. கோடு இல்லையென்றால் யாரும் இறுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுப்பாடுகள் தடையின்றி அசைகின்றனவா என்று எல்லோரும் பார்ப்பார்கள். சரியான திசையில் அசைகின்றனவா என்பதைத்தான் மறப்பார்கள். ஸ்டிக்கைக் கட்டைவிரல் மேலே இருக்கும்படி பிடித்து இடது பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்க எய்லெரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) மேலே எழ வேண்டும். ஸ்டிக்கின் பாரத்தைக் குறைக்கும் டிரிமையும் இப்படியே பாருங்கள். மூக்கைக் கீழே இறக்க வேண்டிய சுவிட்ச் அதை மேலே தூக்கினால், தரையைவிட்ட உடனே ஸ்டிக்கோடு மல்லுக்கட்ட நேரும்.

வேலை நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். மூன்று படி பின்னால் போய் மறுபடி தொடங்குங்கள். கையால் திருகி வைத்து, ஸ்பேனரால் இறுக்காமல் விட்ட நட்டுகளுக்குப் பெரும்பாலும் பின்னணி ஒரு தொலைபேசி அழைப்பு.

4. எடையும் சமநிலையும்

பெயின்ட் அடித்தபின், இருக்கை மெத்தை உட்பட எல்லாம் பொருத்தியபின் எடை போடுங்கள். ஆய்வுக்கு முன் எடை போட்டு, அப்புறம் பெயின்ட் அடித்திருந்தால் மறுபடி போட வேண்டும். மூன்று தராசு, விமானம் மட்டமாக, கொட்டகைக் கதவு மூடி. காற்று இறக்கையைத் தூக்கினால் தராசு பொய் சொல்லும்.

கணக்கு எளிது. இடது சக்கரம் 195 கிலோ, வலது 193, மூக்குச் சக்கரம் 112 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500. தூரங்களை அளக்கத் தொடங்கும் அடையாளக் கோட்டிலிருந்து முதன்மைச் சக்கரங்கள் 2.50 மீட்டர், மூக்குச் சக்கரம் 1.10 மீட்டர் என்றால் 388 × 2.50 = 970, 112 × 1.10 = 123.2. கூட்டி 500ஆல் வகுத்தால் ஈர்ப்பு மையம் 2.186 மீட்டரில் இருக்கிறது. தூரங்களை வரைபடத்திலிருந்து எடுக்காமல் தூக்குக்குண்டு விட்டு உங்கள் விமானத்திலேயே அளங்கள்.

முதல் பறப்புக்கு ஈர்ப்பு மையம் அனுமதித்த எல்லையின் முன்பாதியில் இருக்கட்டும். மூக்குக் கனத்த விமானம் பறக்கச் சோம்பல்படும், அவ்வளவுதான். வால் கனத்த விமானம் ஸ்டாலிலிருந்து (மூக்கு அளவுக்கு மீறித் தூக்கி, இறக்கை தூக்குசக்தியை இழக்கும் நிலை) மீளாமலே போகலாம்.

5. எரிபொருள் ஓட்டச் சோதனை

இந்தப் படியில்தான் நேரம் செலவிட வேண்டும். இன்ஜின் தரையில் நன்றாக ஓடுகிறது, அப்புறம் எதற்கு என்று கேட்பார்கள். தரையில் விமானம் மட்டமாக நிற்கிறது, இன்ஜின் முழுச் சக்தியில் ஒரு நிமிடம்கூட ஓடுவதில்லை. ஏறும்போது மூக்கு தூக்கியிருக்கும், தேவை உச்சத்தில் இருக்கும். குழாயில் இருக்கும் குறை தெரியவருவது 400 அடி உயரத்தில்.

தேவையைக் கணக்கிடுங்கள். குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு 0.55 பவுண்டு என்று வைத்தால் 180 × 0.55 = 99 பவுண்டு. கேலனுக்கு 6 பவுண்டு என்றால் மணிக்கு 16.5 கேலன். பம்ப் வைத்த அமைப்புக்கு இதில் 125 சதவீதம் வர வேண்டும், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 1.3 லிட்டர். பம்ப் இல்லாமல் மேல் இறக்கையிலிருந்து தானாக இறங்கும் அமைப்பென்றால் 150 சதவீதம், சுமார் 1.56 லிட்டர்.

செய்முறை: விமானத்தைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, மூக்கை அதிகபட்ச ஏறுகோணத்தைவிட 5 பாகை கூடுதலாகத் தூக்கி, அசையாமல் கட்டுங்கள். மூக்குச் சக்கர விமானமென்றால் அதைச் சாய்தளத்தில் ஏற்ற வேண்டியிருக்கும். விமானத்தையும் உலோக வாளியையும் ஒரு வயரால் இணையுங்கள், நிலைமின்சாரம் பொறி தட்டாமல் இருக்க. தீயணைப்பான் ஒருவர் கையில் இருக்கட்டும், தரையில் வைக்க வேண்டாம். கார்புரேட்டருக்குள் நுழையும் இடத்தில் குழாயைக் கழற்றி வாளிக்குள் விடுங்கள். ஒரு டாங்கில் மட்டும் குறைந்த அளவு எரிபொருள் ஊற்றி, எலெக்ட்ரிக் பம்பைப் போட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டு அளங்கள். மற்ற டாங்குக்கும் தனியாக. இன்ஜினோடு சுழலும் பம்பை இந்த முறையில் சோதிக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

டாங்க் மூடியைத் திறந்து வைத்து அளப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. மூடி திறந்திருந்தால் காற்றுத்துளை அடைத்திருப்பது தெரியாது. குளவி கூடு கட்டிய துளையோடு சோதனையில் தேறிய விமானம், மூடியைப் போட்டதும் பத்து நிமிடத்தில் பட்டினி கிடக்கும்.

ஓட்டம் அறுந்து அறுந்து வரும் வரை தொடருங்கள். அப்போது டாங்கில் மிச்சமிருப்பது அந்த நிலையில் பயன்படாத எரிபொருள், எழுதிவையுங்கள். பின் விமானத்தை மட்டமாக்கி, பத்துப் பத்து லிட்டராக ஊற்றி அளவுக்காட்டி என்ன சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். சீலன்ட் துணுக்கும் அலுமினியச் சீவலும் இருக்கும். இல்லாமல் வரும்வரை கழுவி மறுபடி ஓட்டுங்கள்.

6. இன்ஜினும் டேக்சியும்

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் காட்டும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள். ஸ்டார்ட் ஆனபின் 30 நொடியில் அழுத்தம் வராவிட்டால் அணைத்துவிடுங்கள்.

புது இன்ஜினைத் தரையில் நெடுநேரம் உறுமவிடாதீர்கள். குறைந்த சக்தியில், போதிய குளிர்காற்று இல்லாமல் ஓடினால் சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழத்து, பிஸ்டன் ரிங் சரியாக உட்காராமல் போய்விடும். இன்ஜின் மூடியைப் போட்டு, மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, தேவையானதை மட்டும் பார்த்துவிட்டு அணைத்து, கசிவு தேடுங்கள். சிலிண்டர் தலையின் உச்சவரம்பு 500 பாரன்ஹீட். ஆனால் 435ஐத் தாண்டினாலே ஏதோ சரியில்லை என்று கொள்ளுங்கள்.

வேகக்காட்டியைத் தரையிலேயே சோதியுங்கள். எதிர்க்காற்றின் அழுத்தத்தை வேகக்காட்டிக்குக் கொண்டுபோகும் பிட்டாட் குழாயின் மேல் மென்மையான ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை மெதுவாகச் சுருட்டினால் முள் ஏறும். 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) காட்டியதும் குழாயை இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் காத்திருங்கள். முள் இறங்கினால் கசிவு. வாயால் ஊதாதீர்கள், உறிஞ்சவும் வேண்டாம், கருவி கெட்டுவிடும்.

டேக்சி, அதாவது விமானத்தைத் தரையிலேயே ஓட்டிப் பார்ப்பது, வேகமாக நடக்கும் அளவுக்குப் போதும். பிரேக், திசை திருப்பம், ரேடியோ, அவ்வளவே. சக்கர உறைகளைக் கழற்றி வையுங்கள். பிரேக் சூடும் கசிவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதிவேக டேக்சியைப் பலர் பரிந்துரைப்பார்கள். எங்கள் கருத்து வேறு: ஒற்றை ஆளோடு 180 குதிரைத்திறன் விமானம் சில நூறு அடியில் எழும்பிவிடும். அதிவேக டேக்சி என்று போனவர் திட்டமில்லாமல் காற்றில் இருப்பார், மிச்ச ரன்வே போதாது என்று பதறுவார். ரன்வேயில் த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுதாகத் தள்ளுகிறவர் அன்று பறக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

7. முடிவுகளைத் தரையிலேயே எடுத்து எழுதுங்கள்

காற்றில் எடுக்கும் முடிவு பயத்தோடும் ஆசையோடும் சேர்ந்தே வரும். ஆகவே எண்களை இப்போதே தாளில் எழுதுங்கள்.

இன்ஜின் நின்றால் எந்த உயரத்துக்குக் கீழே திரும்பவே மாட்டீர்கள்? முதல் பறப்புக்கு 1,000 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே, நேர்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 30 பாகைக்குள் கிடைக்கிற இடத்தில் இறங்க வேண்டும். ரன்வேக்குத் திரும்பும் ஆசை ஏன் கொல்கிறது என்றால், 45 பாகை சாய்ந்தால் ஸ்டால் வேகம் 1.19 மடங்கு ஆகிறது. 50 நாட்டில் ஸ்டாலாகும் விமானம் 60இலேயே விழும். அதோடு, நடந்ததை நம்ப விமானிக்குச் சில நொடிகள் பிடிக்கும், அதற்குள் வேகம் கரைந்திருக்கும். மாற்றுப் பயிற்சியின்போது நல்ல உயரத்தில் த்ராட்டிலை இழுத்து, நான்கு எண்ணிவிட்டுத் திரும்பி, எத்தனை அடி போகிறது என்று பார்த்தால் பேச்சே தேவைப்படாது. ரன்வேயின் இரண்டு முனைகளுக்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று காரில் போய்ப் பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் வேலியும் மின்கம்பியும் தெரியாது.

பறப்பு அட்டையில் ஆறேழு வரிக்கு மேல் வேண்டாம். உடனே இறங்க வேண்டிய காரணங்கள் தனியாக, பெரிய எழுத்தில்: பெட்ரோல் வாடை, ஆயில் அழுத்தம் சரிவது, ஆயில் வெப்பம் 245 பாரன்ஹீட்டை நெருங்குவது, புரியாத அதிர்வு. ஒன்று வந்தாலும் விவாதம் கிடையாது.

தேதியை யாருக்கும் சொல்லாதீர்கள். மாமனாரும் மாமியாரும் ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, 'இன்று காற்று கூடுதல், வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது.

8. தரையில் நிற்கிறவர்கள்

மூன்று பேர் போதும். ஒருவர் ரேடியோவில், கேட்டாலொழிய பேசாமல், நேரமும் எண்களும் குறிப்பார். ஒருவர் காரோடு, தீயணைப்பான், பட்டை அறுக்கும் கத்தி, கடப்பாரை வைத்துக்கொண்டு. மூன்றாமவர் தொலைபேசியோடு. எரிபொருளை அடைப்பது, மாஸ்டரை அணைப்பது, காக்பிட் மூடியை வெளியிலிருந்து திறப்பது மூன்றையும் அவர்கள் முந்தின நாளே கையால் செய்து பார்க்க வேண்டும். விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் ராக்கெட் பாராசூட் பொருத்தியிருந்தால் அது எங்கே, எந்தத் திசையில் வெடித்துக் கிளம்பும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

துணை விமானம் பக்கத்தில் பறந்து பார்ப்பது, சேர்ந்து பறக்கப் பயிற்சி பெற்றவர் கிடைத்தால் மட்டும். படம் எடுக்கும் ஆசையோடு வருகிற நண்பர் இரண்டாவது ஆபத்து.

9. பறக்கும் காலை

காய்ச்சல், மருந்து, மனக்கவலை, மது, தூக்கம், சாப்பாடு. ஆறையும் உங்களிடமே கேளுங்கள். மது அருந்தி 8 மணி நேரம் ஆகாமல் பறக்கக் கூடாது என்பது விதி. முதல் பறப்புக்கு முந்தின இரவு வேண்டவே வேண்டாம். தூக்கம் சரியில்லை என்றால் தள்ளிவையுங்கள், விமானம் எங்கும் ஓடிவிடாது. விடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், காற்று அடங்கியிருக்கையில் கிளம்புவது நல்லது. பக்கக் காற்று 5 நாட்டுக்கு மேல் வேண்டாம்.

சோதனை முடிந்து கடைசி அரை மணி நேரம் யாரும் விமானத்தைத் தொடக் கூடாது. யாராவது ஒரு பேனலைத் திறந்தால், எவ்வளவு சின்ன வேலையானாலும், சோதனை முதலிலிருந்து. கருவிப்பெட்டியில் ஸ்பேனர்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது விமானத்துக்குள் இருக்கிறது.

10. பறப்பு

ஓடத் தொடங்கியதும் மூன்றை வாய்விட்டுச் சொல்லுங்கள்: இன்ஜின் சுற்று சரி, ஆயில் அழுத்தம் சரி, வேகமுள் அசைகிறது. ஒன்று இல்லையென்றாலும் த்ராட்டிலை இழுங்கள். எந்தக் குறியைத் தாண்டுவதற்குள் சக்கரம் எழ வேண்டும் என்பதையும் முன்னாடியே தீர்மானியுங்கள்.

எழுந்தபின் 1,000 அடி வரை எதையும் மாற்றாதீர்கள், த்ராட்டில், ஃபிளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையிலிருந்து இறக்கும் தகடு), பம்ப் எதையும். வேகம் சற்றுக் கூடுதலாக வைத்து ஏறுங்கள், சிலிண்டர் குளிரும். விமான நிலையத்தின் மேலேயே வட்டமடித்து 3,000 அடிக்குப் போங்கள். எந்த நேரத்திலும் இன்ஜின் இல்லாமலே ரன்வேயை எட்டக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும்.

ஒரு இறக்கை கனத்தால் ஸ்டிக்கால் தாங்கிப் பிடித்துக்கொண்டு பறங்கள். காரணம் தேடுவது தரையில். காக்பிட் மூடி திறந்துகொண்டால் காது கிழியும் சத்தம் வரும், தாள்கள் பறக்கும். பெரும்பாலும் விமானம் தொடர்ந்து பறக்கும். மூடக் கை நீட்டி, வேகத்தை மறந்தவர்கள்தான் விழுகிறார்கள்.

மேலே மென்மையான திருப்பங்கள், பிறகு இறங்கும் அமைப்பில், அதாவது தரையிறங்கும்போது இருப்பதுபோல் ஃபிளாப்பை இறக்கி, மெல்ல வேகத்தைக் குறையுங்கள். ஸ்டிக்கிலோ இருக்கையிலோ முதல் நடுக்கம் வந்ததும் நிறுத்தி, வேகமுள் காட்டிய எண்ணைக் குறியுங்கள். 55 காட்டினால் 1.3ஆல் பெருக்க, இறங்கும் வேகம் 72. கருவி தப்பாகக் காட்டினாலும், அதே கருவியில் அளந்த எண் என்பதால் இது உதவும். கையேட்டு எண் உதவாது. முழு ஸ்டால் இன்னொரு நாள். அரை மணி, முக்கால் மணியில் இறங்குங்கள்.

11. இறங்கிய பின்

கை குலுக்குவதற்கு முன், நினைவிருப்பதை எழுதுங்கள். பத்து நிமிடத்தில் மூளை பாதியை அழகாக்கிவிடும்.

இன்ஜின் மூடியைக் கழற்றி, கசிவு, எக்ஸாஸ்ட் இணைப்பு, உரசல் தேடுங்கள். எரிபொருள் வடிகட்டியைத் திரும்பப் பாருங்கள். நல்லபடியாக முடிந்த முதல் பறப்புக்குப் பின் அரை மணியில் இரண்டாவது பறப்புக்கு ஓடாதீர்கள். முதலாவதில் தளர்ந்த நட்டு இரண்டாவதில்தான் கழலும்.

இன்ஜினும் புரொப்பெல்லரும் சான்றளிக்கப்பட்ட இணை என்றால் முதல் கட்டச் சோதனை பொதுவாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40. மணிக்கணக்குக்குப் பதில் பணிப்பட்டியலை முடிக்கும் வழியும் இப்போது உண்டு. எதுவானாலும் ஒரு பறப்பில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: எடையைக் கொஞ்சம் கூட்டுவது, ஈர்ப்பு மையத்தைக் கொஞ்சம் பின்தள்ளுவது, உச்சவேகத்தை நோக்கி 5 நாட்டாக ஏறுவது. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது தொல்லை கொடுத்தது என்று தெரியாது. வெறுமனே வட்டமடித்து 40 மணியை ஓட்டித் தீர்த்தவரிடம், முழு எடையில் உங்கள் விமானம் எந்த வேகத்தில் ஸ்டாலாகும் என்று கேட்டால் கையேட்டைப் புரட்டுவார்.

கடைசியில் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்: எல்லா வேகங்களிலும் கட்டுக்குள் இருக்கிறது, ஆபத்தான இயல்பு எதுவும் இல்லை என்று. அதோடு இறங்கும் அமைப்பில் ஸ்டால் வேகம், இரண்டு ஏறுவேகங்கள் (குறைந்த தூரத்தில் அதிக உயரம் தருவது ஒன்று, குறைந்த நேரத்தில் அதிக உயரம் தருவது இன்னொன்று), அவற்றை அளந்தபோது இருந்த எடை, ஈர்ப்பு மையம். இந்த எண்களை நீங்களே அளந்து எழுதிய பிறகுதான் பயணியை ஏற்றலாம்.